1958ல் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர்கள்

(கோரிமேட்டில் கூடிய கூட்டத்தில் நாம் பேசியது)



இன்றைய தினம் இங்கு நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்டிருக்கும் விஷயமானது, பழைய சினிமாப் படங்களில் நமக்குப் பிடித்தவை எவை என்பதாகும். கடவுளைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் பேசிக் கொண்டிருக்கின்றவர்களுக்குச் சினிமாவில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காலட்சேபத்துக்குப் பத்துப் பேர் கூடினால் சினிமாவுக்கு ஆயிரம் பேர் கூடுகின்ற நாட்டிலே, ஜனங்களுடைய மூளைக்குள் என்ன போகின்றது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கொட்டகைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆகையால் இது நமது வேலைதான்.

ஆனால் எல்லாப் படங்களையும் பற்றிப் பேசப் புகுந்தால் பொழுது விடிந்து விடும். ஆதலால் ஒரே ஒரு வருஷத்தை, அதாவது 1958ம் வருஷத்தை மாத்திரம் எடுத்துக் கொள்ளுகின்றோம். அந்த வருஷத்தில் நாம் பிறந்திருக்கவில்லை. அதிலும் ஒரு சௌகரியம் உண்டு. "எங்கள் காலத்துப் படம்போல இனி வருமா?" என்கின்ற பைத்தியம் நமக்கு இல்லை. இந்தப் படங்களையெல்லாம் நாம் மறுபடி போட்ட கொட்டகைகளிலும், டெலிவிஷனிலும், இப்போது செல்போனிலும் பார்த்தவர்களேயாவோம். நல்லதை நல்லதென்றும் சொத்தையைச் சொத்தையென்றும் சொல்ல நமக்குத் தாட்சண்யம் ஒன்றுமில்லை.

ஏன் 1958 என்றால், அந்த ஒரு வருஷத்துத் தமிழ்ப் படங்களிலே ஒரு வேடிக்கை இருக்கின்றது. ஆசனத்தில் உட்கார வேண்டியவன் ஒருவன், உட்கார்ந்தவன் வேறொருவன். பிப்ரவரியில் ஒரு ராஜாவின் இடத்தில் அவன் இரட்டைப் பிறவி உட்கார்ந்தான். ஏப்ரலில் சிம்மாசனத்தில் ஒரு ஜோடிச் செருப்பு உட்கார்ந்தது. ஆகஸ்டில் ஒரு நாடோடி உட்கார்ந்தான். அக்டோபரில் ஒரு பணக்காரன் பிள்ளையின் இடத்தில் வேறொரு பயல் போய் உட்கார்ந்தான். இவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசிக்கொண்டு இப்படிப் படம் எடுத்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஜனங்களுடைய மனதில் அப்போது என்ன ஓடிக் கொண்டிருந்ததோ அது திரையில் வந்தது என்பதுதான் நமது அபிப்பிராயம். சுதேச ராஜாக்களெல்லாம் ராஜ்யத்தை இழந்து பத்து வருஷமாகி இருந்தது. ராஜா இல்லாமல் இருக்க முடியுமா என்கின்ற சந்தேகம் மாத்திரம் ஜனங்களுக்குத் தீர்ந்தபாடில்லை.

நம் ஊரும் அந்த வருஷத்தில் இரட்டை வேஷம் போட்டுக் கொண்டுதான் இருந்தது. 1954ம் வருஷம் அக்டோபர் 18ந் தேதி கீழூரில் கூடி ஓட்டுப் போட்ட 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டுமென்றார்கள். நவம்பர் 1ந் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி பிரெஞ்சுக்காரன் கையை விட்டது 1962ல்தான். ஆகவே 1958ல் புதுச்சேரியானது காகிதத்தில் பிரெஞ்சு, காரியத்தில் இந்தியா. இந்தக் கோரிமேட்டு எல்லையில் நின்றுகொண்டு "இந்த மண் யாருடையது?" என்று ஒருவன் கேட்டிருந்தால், இரண்டு பதில் சொல்லி இரண்டுமே மெய்யாய் இருந்திருக்கும்.

நிற்க, முதலாவது பிப்ரவரி 7ந் தேதி வெளிவந்த "உத்தம புத்திரன்." வீனஸ் பிக்சர்ஸ் எடுத்தது, டைரக்டர் டி.பிரகாஷ் ராவ்; வசனம் ஸ்ரீதர். கதை தமிழ்க் கதையல்ல. அலெக்ஸாண்டர் டூமா என்கின்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய இரும்பு முகமூடிக் கதை. பதினாலாம் லூயி ராஜாவுக்கு ஓர் இரட்டைப் பிறவி இருந்ததாகவும், அவனை முகமூடி போட்டு அடைத்து வைத்ததாகவும் டூமா கட்டிவிட்டார். முகமூடிக் கைதி ஒருவன் மெய்யாகவே இருந்தான். அவன் 1703ல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டில் சிறையில் செத்தான். அந்த லூயி ராஜாவின் ஆட்சியில்தான் 1674ல் பிரான்சுவா மர்த்தேன் இங்கு வந்து பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்கு அடி போட்டார். ஆகவே அந்தக் கதையில் ஒருவகையில் நமக்கும் பாத்தியம் உண்டு.

இதே கதையை 1940ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம், பி.யு.சின்னப்பாவை இரண்டு வேஷத்தில் போட்டு எடுத்திருந்தார். 1958ல் சிவாஜி கணேசன் போட்டார். ஒரு தாய் வயிற்றில் ஒரே வேளையில் இரண்டு பிள்ளைகள். ஒருவன் அரண்மனையிலே தாய்மாமன் வளர்ப்பில் குடியும் கூத்துமாய் வளர்ந்து கொடுங்கோலனாகின்றான். மற்றவன் அரண்மனைக்கு வெளியே எளிய இடத்தில் வளர்ந்து யோக்கியனாகின்றான். தோழர்களே, இதிலே ஜோசியக்காரனுக்கும் ஜாதிக்காரனுக்கும் ஒரே அடியில் பதில் இருக்கின்றதா இல்லையா? ஜாதகம் ஒன்று, நட்சத்திரம் ஒன்று, ரத்தம் ஒன்று, குலம் ஒன்று. அப்படியிருக்க ஒருவன் அயோக்கியனாகவும் ஒருவன் யோக்கியனாகவும் ஆனது எதனால்? வளர்ப்பினால். நாம் ஒரு மணி நேரம் மேடையில் கத்துகின்ற விஷயத்தை அந்தப் படம் பாட்டும் சண்டையுமாய்க் காட்டிவிட்டுப் போகின்றது. படம் எடுத்தவர்களுக்கு அந்த எண்ணம் இருந்ததோ இல்லையோ, அது வேறு விஷயம்.

குறையும் உண்டு. நல்லவன் கடைசியில் அரசாளுவது அவன் நல்லவன் என்பதற்காக அல்ல. அவனும் அதே ராணியின் வயிற்றில் பிறந்தவன் என்பதற்காக. அவன் ஒரு குடியானவன் பிள்ளையாகவே இருந்திருந்தால் கதை அவனைச் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் விட்டிருக்குமா?

இங்கே ஒரு சிறு விஷயம். ஒரே ஆள் திரையில் இரண்டு ஆளாய் நின்று ஒருவனை ஒருவன் முறைத்துப் பார்க்கின்றானே, அது எப்படி என்று சிறுபிள்ளைகள் கேட்பார்கள். காமிராவை அசையாமல் நிறுத்தி, அதன் கண்ணில் ஒரு பாதியை மூடிவிட்டு, நடிகனை மறுபாதியில் நிற்க வைத்துப் படம் பிடிப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மூடிய பாதியைத் திறந்து, திறந்த பாதியை மூடி, நடிகனை வேறு உடுப்பில் இந்தப் பக்கம் நிறுத்தி மறுபடியும் பிடிப்பார்கள். நடுக்கோட்டை அவன் தாண்டக்கூடாது; தாண்டினால் கை காணாமல் போய்விடும். எதிரில் ஆள் இல்லாமலே இருக்கின்றதாக நினைத்துப் பேசவேண்டும். முதுகு மாத்திரம் தெரிய வேண்டிய இடத்தில் அதே உயரத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள். இவ்வளவுதான் வித்தை. பார்த்து ஆச்சரியப்பட்டு, கேட்டுத் தெரிந்துகொண்டு, தெரிந்த பிறகும் சந்தோஷப்படலாம். சாமியார் காட்டுகின்ற அற்புதத்தில் எப்படி என்று கேட்டால் அடிக்க வருவார்கள். சினிமாக்காரன் கேட்டால் சொல்லிக் கொடுப்பான்.

அடுத்தபடியாகச் செருப்புக்கு வருவோம். ஏப்ரல் 14ந் தேதி "சம்பூர்ண ராமாயணம்" வெளிவந்தது. கே.சோமு டைரக்டர், ஏ.பி.நாகராஜன் வசனம். என்.டி.ராமராவ் ராமன், பத்மினி சீதை, சிவாஜி கணேசன் பரதன். இரண்டு வருஷத்துக்கு முன்னேதான், 1956 ஆகஸ்டு 1ந் தேதி, பெரியார் சென்னைக் கடற்கரையில் ராமன் படத்தைக் கொளுத்தப் புறப்பட்டார். அப்படிப்பட்ட சமயத்தில் வந்த படம் இது. ராஜாஜியோ சினிமாவை ஒரு கெடுதல் என்றே சொல்லி வந்தவர். அவரும் இந்தப் படத்தைப் பார்த்துப் பரதனைப் புகழ்ந்தார். அவர் எழுதிய ராமாயணமாகிய "சக்கரவர்த்தித் திருமக"னுக்குச் சாகித்திய அகாடமிப் பரிசு கிடைத்ததும் அதே 1958ல்தான். ஆகவே ராமாயணத்துக்கு அது நல்ல வருஷம்.

இந்தப் படத்தை நமக்குப் பிடித்த படம் என்று சொன்னால் நம் தோழர்களிலே சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். நாம் சொல்லுவது என்னவென்றால், கதை நமக்கு ஒப்பாதது. படம் நன்றாய் எடுக்கப்பட்டிருக்கின்றது. இரண்டும் ஒரே சமயத்தில் மெய்யாய் இருக்கக் கூடும். பரதன் ராமனுடைய பாதுகையைத் தலையில் வைத்துக் கொண்டு வருகின்ற கட்டத்திலே சிவாஜி நடிக்கின்ற நடிப்புக்குக் கல்லும் கரையும். ஆனால் கரைந்த பிறகு யோசிக்க வேண்டாமா? பதினாலு வருஷ காலம் ஒரு ஜோடிச் செருப்பு சிம்மாசனத்தில் இருந்து ராஜ்ய பாரம் பண்ணியதாம். அயோத்தியில் மழை நின்று போயிற்றா? வயல் விளையாமல் போயிற்றா? ஒன்றும் ஆகவில்லை. ராஜா இல்லாமலே ஊர் நடக்கும் என்று ராமாயணமே ஒப்புக்கொள்ளுகின்றது. அதைப் பக்தி என்று சொல்லி மூடி விட்டார்கள்.

இன்னொன்று, அந்தப் படத்தில் நமக்கு மிகவும் பிடித்தவன் ராவணன். டி.கே.எஸ். நாடகக் குழுவைச் சேர்ந்த டி.கே.பகவதிதான் அந்த வேஷம். சபையில் வீணையை மடியில் வைத்துக் கொண்டு, எந்த வேளைக்கு எந்த ராகம், எந்தச் சுவைக்கு எந்த ராகம் என்று ஒவ்வொன்றாய்ப் பாடிக் காட்டுகின்றான், குரல் சி.எஸ்.ஜெயராமனுடையது. அரக்கன் என்றால் கோரைப்பல்லும் கொம்பும் என்று நினைத்துக் கொண்டு போனவன், இந்த ஆளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் என்ன நினைப்பான்? "இவ்வளவு வித்தை கற்றவனையா அரக்கன் என்றார்கள்?" என்று ஒரு நிமிஷமாவது நினைப்பான். அந்த ஒரு நிமிஷம் நமக்குப் போதும். ராமாயணப் பிரசாரத்துக்காகப் போட்ட பணத்திலே நமக்கும் கொஞ்சம் வட்டி கிடைத்தது.

இதே வருஷத்தில் வங்காளத்தில் சத்யஜித் ராய் "பரஷ் பாதர்" என்று ஒரு படம் எடுத்தார். தொட்டால் இரும்பு பொன்னாகின்ற கல் ஒன்று ஏழைக் குமாஸ்தா ஒருவன் கையில் அகப்படுகின்றது. அவன் பணக்காரனாகின்றான், மாலை மரியாதை வருகின்றது, கடைசியில் ரகசியம் வெளியாகி ஊரெல்லாம் பொன்னின் விலை விழுந்துவிடுமென்று பயந்து அலறுகின்றது. கதையை எழுதியவர் பரசுராம் என்ற புனைபெயர் கொண்ட ராஜசேகர பாசு, தொழிலில் ரசாயனக்காரர். அற்புதம் நடந்தால் கும்பிடு போடு என்று சொல்லாமல், அற்புதம் நடந்தால் கடைத்தெருவில் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தார் பாருங்கள், அதுதான் ரசாயனக்காரன் புத்தி. நமது நாட்டில் அற்புதத்தை நம்பி எடுத்த படங்கள் அநேகம். அற்புதத்தை விசாரித்து எடுத்த படம் மிகவும் குறைவு.

அக்டோபர் 3ந் தேதி வந்தது பி.ஆர்.பந்துலுவின் "சபாஷ் மீனா." ஊதாரியாய்த் திரிகின்ற பணக்காரப் பிள்ளையை அவன் தகப்பன் தன் சிநேகிதன் வீட்டுக்கு அனுப்புகின்றான். இவன் தனக்குப் பதில் தன் தோழனை அனுப்பிவிடுகின்றான். தோழனாக வருகின்றவர் சந்திரபாபு. அவன் இன்னார் மகன் என்று சொன்னவுடனே அந்த வீட்டில் உபசாரம் நடக்கின்றது. பேருக்குத்தான் மரியாதையே ஒழிய ஆளுக்கல்ல என்பது தெரிகின்றது. வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே பார்க்கலாம். 1996ல் வந்த "உள்ளத்தை அள்ளித்தா"வைப் பார்த்துச் சிரித்தவர்கள் பாதிச் சிரிப்பை இங்கிருந்து வாங்கியதென்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பொங்கலுக்கு வந்த ஏ.கே.வேலனுடைய "தை பிறந்தால் வழி பிறக்கும்" அரண்மனையில்லாத கிராமத்துப் படம். அதன் கதாநாயகர் எஸ்.எஸ்.ராஜேந்திரன் புராண வேஷம் கட்டமாட்டேன் என்று நின்றவர். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லுவதால் எத்தனை படம் கைவிட்டுப் போகும் என்று தெரிந்தவர்கள்தான் அதன் பெருமையை அறிவார்கள். கண்ணதாசன் எடுத்த "மாலையிட்ட மங்கை"யில் நாடக மேடையிலிருந்து ஒரு பெண் சினிமாவுக்கு வந்தாள். மனோரமா என்று பெயர். ஜெமினி எடுத்த "வஞ்சிக்கோட்டை வாலிபன்" படத்தைப் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடுகின்ற போட்டி ஆட்டத்துக்காகப் பார்க்கலாம். மற்றபடி அதைப் பற்றிச் சொல்ல நமக்கு அதிகமில்லை.

இப்போது நாடோடிக்கு வருவோம். 1958 ஆகஸ்டு 22ந் தேதி வெளிவந்த "நாடோடி மன்னன்"தான் அந்த வருஷத்துப் படங்களிலே நமக்கு முதன்மையானது. எம்.ஜி.ராமச்சந்திரன் தானே முதலாளியாகவும், முதன்முதலாக டைரக்டராகவும், இரட்டை வேஷக்காரராகவும் இருந்து எடுத்தது. பாதிப் படம் கறுப்பு வெள்ளை, கன்னித் தீவு வருகின்ற பிற்பாதி வர்ணம். படம் ஓடாவிட்டால் நாடோடியாய்ப் போகவேண்டியதுதான் என்று சொல்லும்படியாகக் கையிலிருந்ததையெல்லாம் அதில் போட்டார்.

அதற்கும் மூலம் வெளிநாட்டுக் கதைதான். அந்தோனி ஹோப் என்னும் ஆங்கிலேயர் 1894ல் எழுதிய "ஜெண்டாவின் கைதி." பட்டாபிஷேக சமயத்தில் ராஜாவுக்கு மயக்க மருந்து கொடுத்து விடுகின்றார்கள். அவனைப் போலவே முகமுள்ள ஆங்கிலேயன் ஒருவன் அவனுக்குப் பதிலாய் முடி சூட்டிக் கொள்ளுகின்றான். பிறகு ராஜாவை மீட்டு, சிம்மாசனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேருகின்றான். முகம் ஒன்றாய் இருந்த காரணம் என்ன தெரியுமா? அந்த ஆங்கிலேயனும் அதே ராஜ வம்சத்து ரத்தத்தில் கள்ளத்தனமாய் வந்த கிளை. ரத்தத்தை விட்டு அந்த ஆசிரியரால் வெளியே வரமுடியவில்லை.

தமிழ்ப் படம் என்ன செய்தது? ரத்தத்தை வெட்டிவிட்டது. வீராங்கன் யாரோ ஒரு சாதாரணன். அதுவும் ராஜாக்களின் ஆட்சியே கூடாதென்று கிளர்ச்சி பண்ணுகின்றவன். அவனைத்தான் மார்த்தாண்ட ராஜாவுக்குப் பதிலாகக் கொண்டுபோய்ச் சிம்மாசனத்தில் உட்கார வைக்கின்றார்கள். உட்கார்ந்தவன் சும்மா இருந்தானா? ஜனங்களுக்கென்று புதிய சட்டங்களை எழுதி மந்திரிகள் முன்னால் வாசிக்கின்றான். ஆங்கிலக் கதையில் அப்படி ஒரு பக்கம் கிடையாது. அவனுக்கு ராஜா மீண்டால் போதும். இவனுக்கு ஜனங்கள் மீளவேண்டும். முடிவில் மக்களாட்சி வருகின்றது. சூழ்ச்சி முழுவதற்கும் தலைவன் யார் என்றால் ராஜகுரு, பி.எஸ்.வீரப்பா அந்த வேஷத்தில் சிரிக்கின்ற சிரிப்பு இன்னும் காதில் இருக்கின்றது. ராஜாவை ஆட்டி வைக்கின்றவன் குரு என்பதைச் சரித்திரப் புத்தகத்தில் படித்தறியாத குடியானவனும் அன்று அரையணா, ஓரணா மிச்சம் பிடித்து டிக்கட் வாங்கித் தெரிந்து கொண்டான்.

அந்தப் படத்துப் பாட்டுக்களிலே இரண்டு, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியவை. ஒன்று சோம்பிக் கிடக்கின்றவனைத் தட்டி எழுப்புவது. மற்றொன்று, காடும் கழனியும் விளைந்தும் உழைத்தவன் கைக்கு என்ன மிஞ்சியது என்று பெண் கேட்க ஆண் பதில் சொல்லுவது. அவர் நம் ஊர்ப் பாரதிதாசனைக் குருவாகக் கொண்டு, அவரோடு இருந்து பழகியவர். உழவுத் தொழிலை நேரில் செய்தவர். 1959 அக்டோபர் 8ந் தேதி, தமது 29வது வயதில் செத்துப் போனார். கொட்டகையில் இருந்தவர்கள் அந்தப் பாட்டுக்களை வீட்டுக்குக் கொண்டு போனார்கள், வயலுக்குக் கொண்டு போனார்கள். எழுதியவர் பெயரை வெகு பேர் கொண்டு போகவில்லை. வாயசைத்தவர் பெயரைத்தான் கொண்டு போனார்கள்.

தோழர்களே, நாம் இன்று பேச வந்ததே இதற்காகத்தான். ராஜா வேண்டாம், சட்டம் வேண்டும் என்று சொன்ன படத்தைப் பார்த்துக் கை தட்டின ஜனங்கள், வெளியே வந்து என்ன செய்தார்கள்? சட்டத்தை மறந்துவிட்டு ஆளைப் பிடித்துக் கொண்டார்கள். 1972ல் அவர் தனிக்கட்சி தொடங்கினார். அந்தக் கட்சி முதன்முதலில் மந்திரிசபை அமைத்த இடம் சென்னை அல்ல. நம்முடைய புதுச்சேரிதான், 1974 மார்ச்சில். ஒரு மாதம்கூட நிற்கவில்லை, அது வேறு சங்கதி. 1977ல் தமிழ்நாட்டு முதல் மந்திரியானார். 1987 டிசம்பர் 24ந் தேதி சாகும்வரைக்கும் அவரை அந்த நாற்காலியிலிருந்து ஜனங்கள் ஓட்டுப் போட்டு இறக்கவில்லை. அதே 1958ல் ராமனாக வந்த ராமராவ் 1983ல் ஆந்திராவுக்கு முதல் மந்திரியானார். அதே வருஷத்தில் ராஜாவாகவும் அவன் இரட்டையாகவும் பரதனாகவும் நடித்த சிவாஜி கணேசனோ, 1989ல் திருவையாற்றில் தேர்தலுக்கு நின்று தோற்றுப் போனார். நடிப்புக்கு ஓட்டு என்றால் அவரல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? ஓட்டு நடிப்புக்கு அல்ல; வேஷத்துக்கு.

நடிகர் ஆளக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. வக்கீல் ஆளலாம், மிராசுதார் ஆளலாம், நடிகர் மாத்திரம் ஆளக்கூடாது என்பதும் ஒரு ஜாதித் திமிர்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு 1982ல் சத்துணவு போட்டவரை நாம் எதற்காகக் குறை சொல்ல வேண்டும்? நமது சங்கடமெல்லாம் பார்த்தவர்களைப் பற்றியது. அவர் 1984ல் நோயாய்க் கிடந்தபோது கோயில் வாசலில் மண்சோறு தின்றார்கள். செத்தபோது தாங்களும் உயிரை விட்டவர்கள் இருக்கின்றார்கள். திருநின்றவூர்ப் பக்கத்தில் அவருக்குக் கோயிலே கட்டிவிட்டார்கள். படத்திலே ராஜகுருவை ஒழித்தவனுக்கு வெளியிலே பூசாரி வந்து சேர்ந்தான். இன்றைக்கும் புதுப்படம் வருகின்ற அன்று கட்டவுட்டின் மேல் ஏறிப் பால் ஊற்றுகின்ற பிள்ளைகளை நாம் இந்தப் புதுச்சேரியிலேயே பார்க்கின்றோம். மேலே இருக்கின்றது தகரமும் சாயமும்; கீழே பால் வாங்க முடியாத வீடு.

"அப்படியானால் சினிமாவே பார்க்க வேண்டாமா?" என்று முன்வரிசையில் ஒரு தோழர் கேட்கின்றார். பாருங்கள், நாமும்தான் பார்க்கின்றோம். இப்போது செல்போனில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்திப் பார்க்க முடிகின்றது. 1958ல் அந்த வசதி இல்லை. வீட்டுக்குப் போய் "நாடோடி மன்ன"னைப் போட்டு, அவன் சட்டம் வாசிக்கின்ற இடத்தில் நிறுத்துங்கள். ஒரு காகிதத்தில் ஒவ்வொன்றாய் எழுதிக்கொண்டு, எது நடந்திருக்கின்றது, எது பாக்கி என்று வீட்டில் உள்ளவர்களோடு கணக்குப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் காகிதத்தைக் கொண்டு வந்தால் அதை வைத்துக் கொண்டே பேசுவோம்.

எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் தோழர்கள் பஸ்ஸுக்குப் போகவேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்திக் கொள்ளுகின்றோம்.